குழந்தையை ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் கூட்டிப்போவது எப்படி: பயம் உள்ளே தங்கிவிடாமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி, கடலூர் பக்கம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலையும் அப்பா அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். என்ன மருந்து, என்ன டோஸ் என்பதெல்லாம் உங்கள் டாக்டர் பார்த்துக்கொள்வார், அதற்குள் நான் போகவில்லை. குழந்தையின் மனசு மட்டும்தான் இங்கே பேச்சு.

ஊசி வலி கொஞ்ச நேரத்தில் போய்விடும். போகாமல் தங்குவது எதுவென்றால், பொய் சொல்லி கூட்டிவந்தது, நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தது, அம்மா பக்கத்தில் இல்லாதபோது எல்லாம் நடந்து முடிந்தது. இப்படி ஒரு தடவை பட்ட குழந்தை அடுத்த முறை ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்ததுமே கத்த ஆரம்பிக்கும். பெரியவனான பிறகும் சிலர் பல் வலியோடு மாசக்கணக்கில் டாக்டரிடம் போகாமல் இருப்பார்கள், காரணம் கேட்டால் சின்ன வயசு கதை ஒன்று வரும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஊசி ரூம் வாசலுக்கு வந்த பிறகுதான் சமாதானம் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் காரியம் கெட்டிருக்கும். அதனால் கீழே இருப்பதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. ஊசியை வைத்து மிரட்டுவதை இன்றைக்கே நிறுத்துங்கள்

"சாப்பிடலன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்." சொல்லாத வீடு கிடையாது. ஆயா சொல்வார், அத்தை சொல்வார், பக்கத்து வீட்டு அக்காவும் சொல்வார். வார்டிலேயே நடக்கும்: அழுகிற குழந்தையிடம் என்னைக் கைகாட்டி, "தோ பாரு, சிஸ்டர் ஊசி எடுத்துட்டு வராங்க" என்பார்கள். என் கையில் இருப்பது தெர்மாமீட்டர்தான். அப்புறம் அந்தக் குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதற்குக்கூட அன்றைக்கு முழுக்கப் போராட வேண்டும்.

மூணு வயசிலிருந்து ஆறு வயசு வரை உள்ள குழந்தைகள், உடம்புக்கு வருவதே தான் செய்த தப்புக்குத் தண்டனை என்று நினைப்பது சகஜம். அதோடு நாம் ஊசியையும் தண்டனையாகக் காட்டினால் கணக்கு சரியாகப் பொருந்திவிடுகிறது. "ஐஸ் சாப்பிடாதேன்னு சொன்னேன், கேட்டியா, இப்ப பாரு" என்ற பேச்சும் இதே ரகம்தான்.

அதனால் குழந்தை கேட்காவிட்டாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "உனக்கு உடம்பு சரியில்லாம போனது உன் தப்பு இல்ல. ஊசி திட்டுறதுக்கு இல்ல, உள்ள இருக்கிற ஜுரத்துக்கு." வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவையுங்கள். குழந்தை முன்னால் சொன்னால் ஆயாவுக்குக் கோபம் வரும், அது வேறு வம்பு.

2. என்ன நடக்கப்போகிறது என்று முதலில் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

ஓ.பி. சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவரிடம் "என்னம்மா எழுதியிருக்காங்க" என்றால், "ஏதோ ரத்தம் எடுக்கணுமாம்" என்பார். உங்களுக்கே தெரியாததைக் குழந்தைக்கு எப்படிச் சொல்வீர்கள்? டாக்டரிடமோ சிஸ்டரிடமோ கேட்க ஒரு நிமிஷம் போதும்.

கேட்க வேண்டியவை: விரல் நுனியிலா, கையிலா, தொடையிலா? ஒரு தடவையா, இல்லை ட்ரிப்ஸுக்கு லைன் போட்டு வைப்பார்களா? வெறும் வயிறாக இருக்கணுமா, எத்தனை மணியிலிருந்து? நான் கூடவே இருக்கலாமா? மரத்துப்போகிற கிரீம் தடவலாமா? வேறு டெஸ்ட் ஏதாவது எழுத இருக்கிறதா, ஒரே குத்தில் எல்லாத்தையும் சேர்த்து எடுத்துவிடலாமா?

கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. காலையில் ஒரு டெஸ்ட், சாயந்திரம் இன்னொன்று என்று தனித்தனியாக எழுதும்போது, சேர்த்து எடுக்க முடியுமா என்று நீங்கள் கேட்டால் பல நேரம் முடியும். ஒரு குத்து குறைகிறது.

லைன் போடுவதைப் பற்றியும் ஒன்று. போட்டு முடித்ததும் உள்ளே ஊசி இருக்காது, மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும்தான் இருக்கும், ஊசியை அப்போதே வெளியே எடுத்துவிடுவோம். இது பெரியவர்கள் பலருக்கே தெரியாது. ஊசி கைக்குள் குத்திக்கொண்டே இருப்பதாக நினைத்து, கையை மரக்கட்டை மாதிரி நீட்டிவைத்துக்கொண்டு ராத்திரி பூராவும் தூங்காத குழந்தைகளைப் பார்க்கிறேன். போடும்போதே வெளியே எடுத்த ஊசியைக் காட்டி, "தோ, வெளிய வந்துடுச்சு பாரு" என்று சொன்னால் அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாக மடங்கும்.

3. வயதைப் பார்த்துச் சொல்லுங்கள், ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்

இந்த ஊரில் அதிகம் சொல்லப்படும் பொய் "பீச்சுக்குப் போறோம்". புதுச்சேரிப் பிள்ளைக்குக் கடற்கரைச் சாலை, கடலூர்ப் பிள்ளைக்கு சில்வர் பீச். பஸ் ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கும் கோரிமேட்டில் நின்று இறங்கச் சொல்லும்போது குழந்தை முகத்தைப் பார்த்தாலே தெரியும், இனி இன்றைக்கு நாம் சொல்லும் எதையும் நம்பப்போவதில்லை என்று. அதற்கப்புறம் "சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அடுத்த முறை நிஜமாகவே பீச்சுக்குக் கிளம்பும்போதும் அழும்.

ரெண்டு வயசுக்குள் இருக்கும் குழந்தைக்கு முன்கூட்டிச் சொல்லி ஆவது ஒன்றுமில்லை, அதற்கு வேண்டியது உங்கள் மடியும் குரலும்தான். மூணிலிருந்து அஞ்சு வயசுக்கு முந்தின நாள், இல்லாவிட்டால் அன்று காலை சொல்லலாம். ஒரு வாரம் முன்பே சொன்னால் ஒரு வாரமும் அழும். ஆறு வயசுக்கு மேல் சில நாள் முன்னாலேயே சொல்லுங்கள், கேள்வி கேட்க அவர்களுக்கு நேரம் வேண்டும். பன்னிரண்டு பதிமூணு வயசுப் பிள்ளைகளுக்கு வலியைவிட வெட்கம்தான் பெரிய பிரச்சினை. யார் பார்ப்பார்கள், சட்டையைக் கழற்றணுமா, வெளியே ஆள் நிற்பார்களா என்பதெல்லாம் மனசுக்குள் ஓடும், வாயைத் திறந்து கேட்கமாட்டார்கள். நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

"வலிக்காது" என்று சொல்லாதீர்கள். "சுருக்குனு இருக்கும், நாம பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும்" என்பது உண்மை, அதுவே போதும். அதற்காக "ரொம்ப வலிக்கும், பொறுத்துக்கோ" என்று பயமுறுத்தவும் வேண்டாம். கண்ணில் என்ன தெரியும், காதில் என்ன கேட்கும், தோலில் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள்: ஸ்பிரிட் பஞ்சு ஜில்லென்று இருக்கும், கையில் ஒரு பட்டை இறுக்கும், அப்புறம் சுருக்.

"எதுக்கு ரத்தம் எடுக்கிறாங்க" என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். உடம்பிலிருக்கும் ரத்தம் பூராவும் போய்விடும் என்று நிஜமாகவே பயப்படும் வயது உண்டு. கொஞ்சம்தான் எடுப்பார்கள், உடம்பு திரும்பச் செய்துகொள்ளும் என்று சொல்லி, முடிந்ததும் அந்த இடத்தில் ஒரு பிளாஸ்திரி ஒட்டச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு அது வீண் வேலையாகத் தெரியும். குழந்தைக்கு ஓட்டை அடைபட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

4. யார் கூட வருவது, பையில் என்ன இருப்பது

கூட வருகிறவர் குழந்தைக்கு ரொம்பப் பிடித்தவராக இருந்தால் மட்டும் போதாது, ஊசியைப் பார்த்தால் கலங்காதவராகவும் இருக்கணும். அம்மாவுக்கு ரத்தம் பார்த்தால் தலை சுற்றும் என்றால் உள்ளே அப்பாவோ சித்தியோ வரட்டும், அதில் ஒரு தப்பும் இல்லை. குழந்தை நிலைமை எப்படி என்று உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. உங்கள் கை நடுங்கினால் அதுக்கு வேறு செய்தி தேவையில்லை.

பையில் தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் துணியோ பொம்மையோ கட்டாயம் இருக்கட்டும். புதுப் பொம்மை அந்த இடத்தில் உதவாது. துவைத்து எடுத்துவரவும் வேண்டாம், அந்த வாசனைதான் வேலை செய்வது. சோப்பு நுரை ஊதும் டப்பா ஒன்று, சார்ஜ் ஏற்றிய போன், அதில் முன்பே இறக்கிவைத்த வீடியோ. ஆஸ்பத்திரிக்குள் சிக்னல் இருக்கும் என்று நம்பி வந்து, நெட் சுற்றிக்கொண்டே நிற்க, சரியாக அந்த நேரத்தில் குழந்தை அழுகிறது.

5. காத்திருக்கும் நேரத்தை வீணாக விடாதீர்கள்

கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் பக்கமிருந்து விடியற்காலை பஸ் பிடித்து ஜிப்மருக்கு வருகிறவர்களின் குழந்தை, முறை வருவதற்குள் பாதி சக்தியை இழந்திருக்கும். எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தாலும் கூட்டம் கூட்டம்தான். பசி, தூக்கம், வெயில் மூன்றும் சேர்ந்தால் சாதாரண ஊசியும் பெரிதாகத் தெரியும்.

வெறும் வயிறு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் நன்றாகச் சாப்பிடவும் தண்ணீர் குடிக்கவும் வையுங்கள். தண்ணீர் போதாத குழந்தைக்கும் கை ஜில்லென்று இருக்கும் குழந்தைக்கும் நரம்பு கிடைப்பது கஷ்டம், நரம்பு கிடைக்காவிட்டால் ரெண்டாவது குத்து. காத்திருக்கும்போதே உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக வைத்திருங்கள்.

மரத்துப்போகும் கிரீம் (லிடோகைனும் பிரிலோகைனும் கலந்தது) டாக்டர் சரி என்று சொல்லியிருந்தால் அதைத் தடவ வேண்டிய நேரமும் இதுதான். தடவி, மேலே ஒட்டுத்தாள் போட்டு மூடி, ஒரு மணி நேரமாவது விடணும். அஞ்சு நிமிஷம் முன்னால் தடவிவிட்டு, "சும்மா ஏமாத்துறாங்க, வேலையே செய்யல" என்பவர்கள் அதிகம். துடைத்ததும் தோல் வெளுத்து நரம்பு மங்கலாகத் தெரியலாம், கொஞ்ச நேரம் விட்டால் சரியாகும். கைக்குழந்தைக்கும், ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கும் இந்த கிரீம் ஒத்துவராமல் போகலாம் என்பதால் கேட்காமல் மெடிக்கலில் வாங்கித் தடவவே கூடாது.

ஊசி ரூம் வாசலை ஒட்டி உட்காராதீர்கள். உள்ளே போகும் ஒவ்வொரு குழந்தையின் அலறலும் உங்கள் குழந்தைக்கு ஒரு ஊசி. டோக்கன் நம்பரைக் கவனிக்க ஒருவர், குழந்தையோடு தள்ளி நிற்க ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் பத்து வயசுக்கும் பதினாறு வயசுக்கும் டி.டி. (ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பு) ஊசி போடும்போதும் இதே கதைதான், வரிசையில் முன்னால் நிற்பவன் முகத்தைப் பார்த்தே பின்னால் நிற்பவன் மயங்கிவிடுவான்.

6. ஊசி போடும் அந்தச் சில நிமிடங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், படுக்கவைக்காதீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்து கையை ஒருவர், காலை ஒருவர், தலையை ஒருவர் பிடிப்பதுதான் குழந்தைக்கு எல்லாவற்றையும்விடப் பயங்கரம். உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்து, அதன் நெஞ்சு உங்கள் நெஞ்சோடு ஒட்டியபடி அணைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடவேண்டிய கை மட்டும் உங்கள் தோளைத் தாண்டியோ பக்கவாட்டிலோ வெளியே வரட்டும். தொடையில் போடுவதென்றால் குழந்தையைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, அதன் கால்களை உங்கள் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளலாம். கை அசையாது என்பது எங்களுக்கு வேண்டும், அம்மா பிடித்திருக்கிறாள் என்பது குழந்தைக்கு வேண்டும். இந்தப் பிடியில் ரெண்டும் கிடைக்கும்.

சிஸ்டரிடம் இதை எப்படிக் கேட்பது என்று தயங்குவார்கள். "சிஸ்டர், மடியில வெச்சு கெட்டியா பிடிச்சுக்கிறேன், அப்படியே போடறீங்களா?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சரி என்பார்கள். 'கெட்டியா' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், ஊசி முனையில் குழந்தை துள்ளிவிடுமோ என்பதுதான் எங்கள் பயம்.

ரெண்டாவது, ஒரு குரல் போதும். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், அட்டெண்டர் ஒரு பக்கம் "அழாத, அழாத, ஆச்சு ஆச்சு" என்று கத்தினால் யார் சொல்வதும் காதில் விழாது. யார் பேசுவது என்று உள்ளே போவதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள், மற்றவர்கள் வாயைத் திறக்கவேண்டாம்.

அந்தக் குரல் என்ன பேசணும்? "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்ல", "பாவம்டா தங்கம், அம்மாவ மன்னிச்சுக்கோ" என்று திரும்பத் திரும்பச் சொல்வது ஆறுதல் மாதிரித் தெரியும், ஆனால் குழந்தைக்கு அது ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்ற எச்சரிக்கையாகவே கேட்கும். வேறு வேலை கொடுங்கள். நுரை ஊதச் சொல்லுங்கள், சூடான இட்லியை ஊதி ஆறவைக்கிற மாதிரி மெதுவாக ஊதச் சொல்லுங்கள், சுவரில் எத்தனை ஃபேன் என்று எண்ணச் சொல்லுங்கள். மூச்சை நீளமாக விடும்போது உடம்பு தானாகத் தளரும்.

ஊசியைப் பார்க்காதே என்று தலையைத் திருப்பிப் பிடிக்கவேண்டாம். பார்த்தால்தான் தைரியமாக இருக்கும் குழந்தைகள் உண்டு, பார்க்கவே கூடாது என்ற குழந்தைகளும் உண்டு. கேளுங்கள். எந்தக் கை, எண்ணணுமா வேண்டாமா, எந்தக் கலர் பிளாஸ்திரி என்று அது தீர்மானிக்கக்கூடியதை மட்டும் கேளுங்கள். "ஊசி போடலாமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வேண்டாம் என்றுதான் சொல்லும், அப்புறம் அதை மீறிப் போடவேண்டிவரும், கேட்டதே பொய் என்றாகிவிடும்.

ட்ரிப்ஸுக்கு லைன் என்றால் எழுதும் கையையும் விரல் சூப்பும் கையையும் தவிர்க்கச் சொல்லுங்கள். இதை உங்களைத் தவிர வேறு யாரும் எங்களுக்குச் சொல்ல முடியாது.

"ஆம்பளப் புள்ள அழலாமா" என்று சொல்லாதீர்கள். நான் சொல்வது ஒரே வாக்கியம்: "எவ்வளவு வேணா அழலாம், கத்தலாம், கைய மட்டும் ஆட்டாத." அழ அனுமதி கிடைத்ததும் பாதி குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டுக் கையைப் பார்க்க ஆரம்பித்துவிடும். ஏன் என்று எனக்கும் விளங்கியதில்லை.

கைக்குழந்தைக்குத் தடுப்பூசி என்றால் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போடச் சொல்லலாம், உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இது இருக்கிறது. பல ஊசி இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடவேண்டும் என்பதும் அதில் உண்டு. சொட்டு மருந்து இருந்தால் அதை முதலில் கொடுத்துவிடச் சொல்லுங்கள், அழுது துப்புவதற்கு முன்னால் உள்ளே போய்விடும். ஊசிக்கு முன்னால் பாராசிட்டமால் கொடுத்துக் கூட்டிவருவதை அந்த அறிக்கை பரிந்துரைக்கவில்லை. பிறகு ஜுரம் வந்தால் கொடுக்க நர்ஸ் சொல்வது வேறு விஷயம்.

மயங்கி விழும் பழக்கம் உள்ள பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் இந்த விதிகள் தலைகீழ். அவர்களைப் படுக்கவைத்தே போடவேண்டும், மூச்சை ஊதித் தளரவைப்பதற்குப் பதில் கால் தசைகளையும் தொடையையும் இறுக்கி இறுக்கி விடச் சொல்லவேண்டும். தளர்ந்தால் ரத்த அழுத்தம் இன்னும் இறங்கும். முடிந்ததும் உடனே எழுப்பி வெளியே அனுப்பாமல் கால் மணி நேரம் உட்காரவையுங்கள்.

7. ரெண்டு தடவை குத்தியும் கிடைக்கவில்லை என்றால்

நிறுத்தச் சொல்லுங்கள். உயிருக்கு அவசரம் இல்லாத நேரத்தில் மூணாவது குத்துக்கு முன்னால் ஒரு இடைவெளியும் வேறு ஒரு கையும் வேண்டும். "சிஸ்டர், கொஞ்சம் விட்டு, சீனியர் யாரையாவது பார்க்கச் சொல்ல முடியுமா?" என்று கேட்பது யாரையும் அவமதிப்பது ஆகாது. எங்களுக்கும் ரெண்டு தடவை தவறினால் கை பதறும்.

குழந்தை கட்டுக்கடங்காமல் போராடினால், "எப்படியாவது இன்னைக்கே முடிச்சுடுங்க, நாங்க பிடிச்சுக்கிறோம்" என்று உள்ளே ஆள் சேர்ப்பதுதான் வழக்கமான தப்பு. நாளைக்கு எடுத்தாலும் பரவாயில்லை என்ற டெஸ்ட்டுக்கு இப்படிச் செய்தால், இன்றைக்கு மிச்சப்படுத்திய பஸ் செலவை வருஷக்கணக்கில் வேறு விதத்தில் கட்டவேண்டியிருக்கும். டாக்டரிடம் தள்ளிப்போடலாமா, இல்லை தூக்க மருந்து கொடுத்துச் செய்யலாமா என்று கேளுங்கள். தள்ளிப்போட முடியாது என்று அவர் சொன்னால் சரி, சுருக்கமாகப் பிடித்து, வேகமாக முடித்து, உடனே தூக்கி அணைத்துக்கொள்ளுங்கள்.

8. ஆபரேஷன் தியேட்டர், ஸ்கேன், மாவுக்கட்டு

ஆபரேஷனுக்கு முன் பட்டினி போடும் நேரத்தை மயக்க டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். பொதுவாக, சாப்பாட்டுக்கும் மாட்டுப்பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தண்ணீருக்கு 2. பயத்தில் முந்தின ராத்திரியிலிருந்தே ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருப்பார்கள், காலையில் குழந்தை தாகத்தில் அழுவதை ஆபரேஷன் பயம் என்று நினைத்துக்கொள்வார்கள். இன்னொரு பக்கம், பாவம் பார்த்து ஒளித்து பிஸ்கட் கொடுப்பவர்களும் உண்டு. அது ஆபத்து, ஆபரேஷனே தள்ளிப்போகும்.

மயக்கம் கொடுக்கும்வரை கூட இருக்கலாமா என்று கேளுங்கள். சில இடத்தில் விடுவார்கள், பல இடத்தில் விடமாட்டார்கள். விடமாட்டார்கள் என்றால் குழந்தையிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: "அந்த நீலக் கதவு வரைக்கும் அம்மா வருவேன். அப்புறம் பச்சை டிரஸ் போட்ட டாக்டர் மாமா கூட்டிட்டுப் போவாரு. நீ தூங்கி எழுந்து வெளிய வரும்போது இந்தக் கதவுக்கிட்டயே இருப்பேன்." சொன்னால் இருங்கள். பில் கட்ட, டீ குடிக்க வேறு யாராவது போகட்டும்.

குழந்தை திரும்பிப் பார்க்காத நேரத்தில் நழுவிப்போவது வேண்டவே வேண்டாம். அழுகையோடு டாட்டா சொல்லிப் பிரிந்த குழந்தை கொஞ்ச நேரத்தில் அடங்கும். நழுவியதைக் கண்டுபிடித்த குழந்தை அப்புறம் வீட்டில் நீங்கள் குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டும்.

"தூங்க வெச்சுடுவாங்க" என்று மட்டும் சொன்னால் சில குழந்தைகள் வீட்டில் ராத்திரி தூங்கப் பயப்படும். இது மருந்து கொடுத்து வரும் வேறு தூக்கம், டாக்டர் கூடவே இருந்து எழுப்பிவிடுவார் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

எம்.ஆர்.ஐ. வலிக்காது, சத்தம்தான். முன்பே போனில் அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்துவிட்டால் பாதி பயம் போய்விடும். மாவுக்கட்டு வெட்டும் மெஷினும் அப்படித்தான், ரம்பம் மாதிரி இருந்தாலும் பிளேடு சுற்றாது, அதிரும், கட்டியான மாவைத்தான் வெட்டும். ஆன் செய்து சத்தத்தை முதலில் தூரத்திலிருந்து கேட்கவிடச் சொல்லுங்கள்.

9. வார்டில் தங்கும் நாட்கள்

கட்டில் குழந்தையின் வீடு. முடிந்தவரை ஊசி, டிரெஸ்ஸிங் எல்லாம் ப்ரொசீஜர் ரூமில் நடக்கட்டும். கட்டிலிலேயே குத்தினால் தூங்கவும் சாப்பிடவும் அதே இடத்தில் பயந்துகொண்டிருக்கும்.

பேச்சு அடுத்தது. குழந்தை தூங்குகிறது என்று நினைத்து அதன் தலைக்கு மேலேயே டாக்டரிடம் "பொழைச்சுக்குவானா சார்" என்று கேட்பார்கள். அது தூங்கியிருக்காது. அந்தப் பேச்சுக்கு வராந்தாவுக்குப் போங்கள்.

பார்க்க வரும் சொந்தக்காரர்கள் தனி விஷயம். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, கூடவே "எங்க நாத்தனார் புள்ளைக்கும் இதே மாதிரிதான் இருந்துச்சு, பாவம்..." என்று ஒரு கதை. கட்டில் பக்கத்தில் மூக்கைச் சிந்துவார்கள். வார்டு வாசலிலேயே ஒருவர் நின்று, அழுபவர்களை வெளியிலேயே பேசி அனுப்பிவிடுவது நல்லது. மனஸ்தாபம் வரும், பரவாயில்லை.

பக்கத்துக் கட்டில் குழந்தை மோசமாகிப்போனால் திரையை இழுத்துவிட்டு, உங்கள் குழந்தை கேட்டால் ஒளிக்காமல் சுருக்கமாகச் சொல்லுங்கள்: அந்தத் தம்பிக்கு வந்தது வேற நோய், உனக்கு வந்தது வேற.

10. முன்னேற்பாட்டுக்கு நேரமே இல்லாத அவசரம்

வண்டியிலிருந்து விழுந்தது, வலிப்பு, மூச்சுத்திணறல். இங்கே மேலே சொன்ன எதற்கும் நேரம் கிடையாது. மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்று ஏ-பி-சி வரிசையில் டாக்டர்கள் பார்ப்பார்கள். அதை முடித்ததும் டி-ஈ-எஃப் என்று தொடரும் ஒரு வரிசை குழந்தை மருத்துவத்தில் உண்டு: வலியும் கலக்கமும் எவ்வளவு இருக்கிறது, குழந்தைக்கு ஆறுதல் எதில் கிடைக்கும், குடும்பம் எப்படி இருக்கிறது.

உங்கள் பங்கு சின்னது. வழியை மறிக்காமல், குழந்தை கண்ணில் படும்படி தலைமாட்டில் நின்று, காதோரம் பெயர் சொல்லிப் பேசிக்கொண்டிருங்கள். "வலி இருக்கா, மருந்து கொடுக்கலாமா" என்று டாக்டரிடம் ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள், சின்னக் குழந்தைக்கு வலி தெரியாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என்ன நடந்தது என்ற விளக்கத்தைப் பிறகு, வீட்டில், பொறுமையாகச் சொல்லலாம். ஐ.சி.யூ.வில் இருந்த குழந்தைக்கு இது ரொம்ப அவசியம், அதற்கு நடுவில் சில நாட்கள் காணாமல் போயிருக்கும், அந்த இடத்தைக் கனவும் கற்பனையும் நிரப்பியிருக்கும்.

11. வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்கே ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்து மறக்கடிப்பதோடு முடித்துவிடுவார்கள். வாங்கிக்கொடுங்கள், ஆனால் பேசவும் செய்யுங்கள். அடுத்த ஊசியின்போது குழந்தைக்கு எழும் பயம், இந்த ஊசி எப்படி ஞாபகத்தில் பதிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. "நீ அழுத" என்று கேலி செய்யாமல், நடந்ததில் நல்லதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: "நுரையை எவ்வளவு பெருசா ஊதின, கைய அசைக்கவே இல்ல." பத்து ஊசி போட்டார்கள் என்று குழந்தை பெரிதாக்கிச் சொன்னால், திட்டாமல், "ஒண்ணுதான் போட்டாங்க, நாம ஏழு எண்றதுக்குள்ள முடிஞ்சது" என்று திருத்துங்கள்.

பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடினால் விடுங்கள். மறுபடி மறுபடி அதையே விளையாடுவது பைத்தியக்காரத்தனம் இல்லை, உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகிற வேலை. இந்த முறை ஊசியைப் பிடித்திருப்பது அந்தக் குழந்தை.

முதல் சில வாரம் படுக்கையில் சிறுநீர் போவது, முந்தானையை விடாமல் பிடித்துக்கொள்வது, கெட்ட கனவு, பள்ளிக்கூடம் போக அடம், எல்லாம் வரும். திட்டாமல் பழைய நேரப்படி சாப்பாடு, தூக்கம், விளையாட்டு என்று கொண்டுவந்தால் பெரும்பாலும் தானாகவே குறையும். ஒரு மாசத்துக்கு மேலும் நீடித்தால், அதிகமானால், மருந்தையே சாப்பிட மறுத்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஜிப்மரிலும் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். உங்களுக்கே தூக்கம் வரவில்லை, ஆஸ்பத்திரி சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றாலும் அதே எண்தான். பெற்றவர்களுக்கும் இது வரும்.

மாசாமாசம் வரவேண்டிய குழந்தை என்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஓ.பி. நோட்டின் முதல் பக்கத்தில் பின் அடித்துவிடுங்கள்: "இடது கை. மடியில் வைத்து. ஊசியைப் பார்க்க விரும்புவான். மூணு வரை எண்ணிச் சொல்லிப் போடவும். விரல் சூப்புவது வலது கை." ட்யூட்டி மாறி புதிதாக வரும் சிஸ்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, இடது கைதானே?" என்று கேட்டபடியே வருவார்.